அனாமத்துக் கணக்கு

நான் பி.காம். படித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு ஸ்க்ரிப்ட், பைத்தான், கமாண்ட் என்று நான் பேச ஆரம்பிக்கும்போது, ஆள் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்தவர் போல என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. டெபிட் எது, கிரெடிட் எது என்பதையே மூன்று வருஷம் குழம்பிக் குழம்பிப் படித்து, செகண்ட் கிளாஸில் தேறி, இந்தப் படிப்புக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று பத்திரிகை வேலைக்கு ஓடி வந்தவன். பைத்தான் எல்லாம் 2020 ஊரடங்கில் சும்மா உட்கார முடியாமல் கற்றுக்கொண்டது. அக்கம்பக்கத்தில் டல்கோனா காபி கலக்கினார்கள். நான் இது.

விஷயம் 2024 நவம்பரில் நடந்தது. ஆபீஸில் ஒரு ஃபைல் சர்வர் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த 2003-ல் இருந்தே இருக்கிறது. மிஷின் நடுவில் மூன்று தரம் மாறியிருக்கும், உள்ளே இருக்கிற சரக்கு மாறவில்லை. வீடு மாற்றும்போது பரணில் கிடப்பதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அடுத்த வீட்டுப் பரணில் ஏற்றுவோமே, அந்த மாதிரி. பழைய பேஜ்மேக்கர் ஃபைல்கள், தீபாவளி மலர் அட்டைகள், யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம், ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’ என்று ஒரே கட்டுரையின் நாலு அவதாரங்கள்.

இனி எல்லாம் கிளவுடுக்குப் போகிறது, இடத்துக்குக் காசு, ஆகவே வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எது வேண்டும், எது வேண்டாம் என்று யார் சொல்வது? ஆபீஸில் பழைய ஆள் நான். என் தலையில் விழுந்தது.

சிஸ்டம் அட்மின் தம்பி ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார்.

“சார், சர்வர்ல யாரும் கை வைக்க வேணாம்னு ஆர்டர். உள்ள இருக்கிறதோட லிஸ்ட் இதுல இருக்கு. எது வேணும்னு மட்டும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை லாஸ்ட்.”

திறந்து பார்த்தேன். எம்.எஸ். டாஸ் காலத்துக் கமாண்ட் ஒன்று உண்டு. டி, ஐ, ஆர் என்று மூன்று எழுத்து. கூடவே ஒரு சாய்கோடும் எஸ் என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டினால், ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று பாதாளம் வரைக்கும் போய் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுவிடும். ஒவ்வொரு வரியும் ஒரு ஃபைல். தேதி, நேரம், சைஸ், பெயர். அடுத்த வரி. தேதி, நேரம், சைஸ், பெயர். ஒரு ஃபோல்டர் முடிந்ததும், இதில் இத்தனை ஃபைல் என்று ஒரு வரி. பிறகு அடுத்த ஃபோல்டர்.

பக்கத்துக்கு ஐம்பது வரி என்று பிரிண்ட் எடுத்தால் நாலாயிரத்துச் சொச்சம் பக்கம் வரும். வெள்ளிக்கிழமைக்குள் படித்து டிக் அடிப்பது மனுஷன் செய்கிற காரியமில்லை. சரி, இருக்கவே இருக்கிறது பைத்தான். இந்தப் பட்டியலை வரி வரியாகப் படித்து, தேதியைத் தனியாக, சைஸைத் தனியாக, பெயரைத் தனியாக உடைத்து எடுக்க ஒரு ஸ்க்ரிப்ட் எழுதிவிட்டால், அப்புறம் வருஷவாரியாக, ரகவாரியாக அடுக்கிக்கொள்ளலாம். முப்பது வரி. அரை மணி நேரம். அப்படித்தான் நினைத்தேன்.

நினைத்ததில் ஒன்றும் தப்பில்லை. இந்த வேலைக்கு ஒரு கௌரவமான பரம்பரையே இருக்கிறது. கூகுள் கம்பெனி தொடங்கியது 1998-ல். அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1990-ல், உலகத்தின் முதல் இன்டர்நெட் தேடுபொறி வந்துவிட்டது. பெயர் ஆர்ச்சி. ‘ஆர்க்கைவ்’ என்ற ஆங்கில வார்த்தையிலிருந்து ஒரு எழுத்தை உருவி எடுத்து வைத்த பெயர். செய்தவர் ஆலன் எம்டாஜ், பார்படாஸ் தீவுக்காரர். கனடாவில் மாண்ட்ரீல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அங்கு கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையும் பார்த்தவர். இலவச சாஃப்ட்வேர் எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராக ஒவ்வொரு சர்வராகப் போய்த் தேடி அலுத்துப்போய், அந்த வேலையை ஸ்க்ரிப்ட்டிடம் ஒப்படைத்தார். அது ஒவ்வொரு சர்வராகப் போய் அங்கிருக்கிற ஃபைல் பட்டியலை வாங்கி வந்து ஒரே இடத்தில் சேர்த்துவிடும். அந்தக் குவியலில் தேடினால் எந்த ஃபைல் எந்த ஊர் சர்வரில் என்று தெரிந்துவிடும். பிறகு பீட்டர் டாய்ச், பில் ஹீலன் என்ற இருவரும் சேர்ந்துகொள்ள, அது ஊருக்கே பொதுவானது. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று ஆர்ச்சிக்குத் தெரியாது. பெயர் மட்டும்தான் தெரியும். எம்டாஜ் அதற்குப் பேட்டன்ட்கூட வாங்கிக்கொள்ளவில்லை. 2017-ல் இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

ஆக, நம் பரம்பரை நல்ல பரம்பரை. ஆனால் அந்தக் காலத்திலேயே ஒரு எச்சரிக்கையும் எழுதி வைத்திருந்தார்கள். ஃபைல்களை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதற்கு எஃப்.டி.பி. என்று ஒரு முறை உண்டு. அதற்கான விதிகளை 1985-ல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதினார்கள். ஆர்.எஃப்.சி. 959 என்பது அதன் நம்பர். பட்டியல் கேட்கிற கமாண்டைப் பற்றிச் சொல்கிற இடத்தில் அவர்கள் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்: இந்தப் பட்டியல் சிஸ்டத்துக்கு சிஸ்டம் வேறு மாதிரி இருக்கும், மனிதர்கள் பார்ப்பதற்கு உபயோகப்படும், புரோகிராம் படிப்பது கஷ்டம்.

எப்படிக் கஷ்டம் என்கிறீர்களா? ஒரு உதாரணம். யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் விவரமாகப் பட்டியல் கேட்டால், ஆறு மாதத்துக்குள் மாறிய ஃபைலுக்கு மாதம், தேதி, மணி காட்டும். அதைவிடப் பழையது என்றால் மணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வருஷத்தைப் போடும். படிக்கிற நமக்கு வசதி. போன வாரத்து ஃபைலுக்கு எதற்கு வருஷம்? ஆனால் புரோகிராமுக்கு? மணி போட்டிருந்தால் வருஷம் இல்லை, ஊகித்துக்கொள்ள வேண்டும். இப்படி ஊகித்தே ஒரு தலைமுறை புரோகிராமர்கள் தலைமுடியை இழந்தார்கள். மிஷின் படிப்பதற்கென்றே ஒழுங்கான ஒரு பட்டியல் முறை எஃப்.டி.பி. விதிகளில் சேர்ந்தது 2007-ல்தான். இருபத்திரண்டு வருஷம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பட்டபிறகு படித்தது.

முதல் அடி அன்று சாயந்திரமே விழுந்தது. பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாது என்று பைத்தான் கத்தியது. அந்த சர்வரில் தேதி அமெரிக்க வழக்கம், மாதம் முதலில் வரும். நான் நம் வழக்கப்படி நாளை முதலில் படித்திருக்கிறேன். திருத்தினேன். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பன்னிரண்டாம் தேதிக்கு மேல் என்பதால் அது கத்தியது. ஏப்ரல் மூன்றாம் தேதியை மார்ச் நாலாம் தேதி என்று படித்திருந்தால் வாயே திறந்திருக்காது. கத்துகிற தப்பு நல்ல தப்பு. கத்தாத தப்புதான் குடியைக் கெடுக்கும்.

அதுவும் வந்தது.

புதன்கிழமை ஒரு போன். எங்கள் பத்திரிகையில் நெடுநாள் போட்டோகிராபராக இருந்தவரின் மகள். அவரை நாங்கள் எல்லோரும் கேமரா அண்ணன் என்போம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார்.

“அங்கிள், டிசம்பர் வந்தா சுனாமிக்கு இருபது வருஷம். அப்பா நாகப்பட்டினத்துல எடுத்த படம் ஏதாவது ஒண்ணு ஃபிரேம் போட்டு வீட்ல மாட்டணும்னு அம்மாவுக்கு ஆசை. வீட்ல இருந்த ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. உங்க சர்வர்ல இருக்குமா?”

“இரும்மா, லிஸ்ட்டே கையில வச்சிருக்கேன்” என்றேன் பெருமையாக. போனைக் காதில் வைத்தபடியே ‘சுனாமி’ என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடினேன். வந்ததெல்லாம் லே-அவுட் ஃபைல்கள். ‘நாகை’ என்று அடித்தேன். இல்லை. ‘நாகப்பட்டினம்’ என்று நாலு விதமான ஸ்பெல்லிங்கில் அடித்தேன். இல்லை.

“இல்லியேம்மா. அப்பவே யாராவது அழிச்சிருப்பாங்க.”

“பரவால்ல அங்கிள்” என்றாள். அந்தப் பரவாயில்லை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை ராத்திரி வேலை முடிந்தது. வேண்டியவை ஒரு பட்டியல், வேண்டாதவை ஒரு பட்டியல். வேண்டாததில் ஒரு சின்னப் பிரிவுக்குக் ‘கெட்டுப்போனவை’ என்று தலைப்பு. பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக, ?????? என்று வந்திருந்த ஃபைல்கள். 53. ஏதோ டிஸ்க் கோளாறு என்று முடிவு செய்து அழிக்க வேண்டியதில் சேர்த்திருந்தேன்.

மணி பதினொன்றரை. “பி.காம். படிச்சவருக்கு எதுக்கு இந்த வேலை?” என்றாள் மனைவி. சும்மா சொன்ன வார்த்தைதான். எனக்குள் என்னவோ உறுத்தியது.

காலேஜில் எங்களுக்கு அக்கவுன்டன்ஸி எடுத்தவர் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். கணக்கைப் போட்டு முடித்ததும் இருப்பாய்வு, அதாவது டிரையல் பேலன்ஸ், போட்டாக வேண்டும். இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்றால் பேப்பரை வாங்கவே மாட்டார். எவ்வளவு இடிக்கிறதோ அதை ‘அனாமத்துக் கணக்கு’ என்று தனியாக எழுதி, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிற வரை நிம்மதியாகத் தூங்கக் கூடாது என்பார்.

நான் எதையாவது டேலி பார்த்தேனா?

மூலப் பட்டியலைத் திறந்து ஒரேயடியாகக் கடைசி வரிக்குப் போனேன். அத்தனை நாளில் ஒரு தடவைகூட அந்த வரியை நான் பார்த்ததில்லை. மொத்த ஃபைல்கள்: 2,14,683. என் ஸ்க்ரிப்ட்டிடம் எத்தனை எழுதினாய் என்று கேட்டேன். 2,09,871.

4,812 இடிக்கிறது. அனாமத்து.

தூக்கம் போயிற்று. ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் காரணம் ஒரு மணிக்குக் கிடைத்தது. வரியை உடைக்கும்போது, எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டச் சொல்லியிருந்தேன். ‘பொங்கல் மலர் 1’, ‘பொங்கல் மலர் 2’, ‘பொங்கல் மலர் 3’ என்று மூன்று ஃபைல் இருந்தால், மூன்றுமே வெறும் ‘பொங்கல்’ ஆகிவிடும். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயர் திரும்பவும் வந்தால் என் ஸ்க்ரிப்ட் முன்னதை அடித்துவிட்டு அதன்மேலேயே எழுதிக்கொள்ளும். மூன்று பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள். இரண்டு பேர் காணாமல் போனது யாருக்கும் தெரியாது. முதல் நாலு வெட்டோடு நிறுத்து, மிச்சம் முழுக்கப் பெயர் என்று ஒரே ஒரு எண்ணைச் சேர்த்தேன். அனாமத்து 4,812-லிருந்து 871 ஆகக் குறைந்தது.

அந்த 871? ஃபோல்டர்வாரியாக டேலி பார்த்தேன். மற்ற எல்லாம் சரியாக இருந்தன. ஒரே ஒரு இடத்தில் இடித்தது. கேமரா அண்ணனின் ஃபோல்டர். உள்ளே எல்லாம் கேள்விக்குறி.

காலையில் அட்மின் தம்பி வந்ததும் காட்டினேன். ஒரு நொடி பார்த்தார். சிரித்தார்.

“சார், விண்டோஸ்ல ஃபைல் பேர்ல கேள்விக்குறி வைக்கவே முடியாது. விடாது. இது பேரே இல்ல.”

எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கேமரா அண்ணனின் பழக்கம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரே ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இ-கலப்பையைப் போட்டுக்கொண்டு யூனிகோட் தமிழில் பெயர் வைத்தவர் அவர். நான் ஒருமுறை கேட்டேன், “ஏண்ணே, இங்கிலீஷ்ல வச்சா எல்லாருக்கும் வசதியாச்சே?”

“கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியலேன்னா அது கம்ப்யூட்டரோட குறை தம்பி. நான் ஏன் மாறணும்?”

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தே இருந்தது. சர்வரில் பெயர்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இறக்கும்போது, அந்தக் கறுப்புத் திரை தனக்குப் பழக்கமில்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. கம்ப்யூட்டர் கணக்கில் ஒற்றைக்கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்து. ‘சென்னை’ என்பது ஆறு. ‘கடலூர்’ என்பதும் ஆறு. ஆகவே இரண்டும் ??????. சென்னையும் கடலூரும் ஒன்றாகிவிட்டன. அதன்மேல் இது, இதன்மேல் அது என்று என் ஸ்க்ரிப்ட் அடித்து அடித்து எழுதியதில் 924 படங்கள் 53 ஆகிவிட்டன. அந்த 53-க்கும் நான் ‘கெட்டுப்போனவை’ என்று தலைப்பு வைத்து அழிக்கச் சொல்லிவிட்டேன்.

பட்டியலை அனுப்பியிருந்தால் வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேலை முடிந்திருக்கும். யார்மேலும் தப்பு இருந்திருக்காது. ‘லிஸ்ட்டுல இல்ல’ என்ற ஒரே வார்த்தை போதும்.

தம்பி அதே கமாண்டை யூனிகோடில் எழுதும்படி மாற்றி ஓட்டினார். அதற்கு யூ என்று ஒரே ஒரு எழுத்து கூடுதலாகப் போட்டால் போதும் என்பதைப் பார்த்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. புதுப் பட்டியல் வந்தது. கேள்விக்குறிகள் ஒவ்வொன்றும் எழுத்தாக மாறியிருந்தன.

அவர் வைத்திருந்தவை பெயர்களே இல்லை சார், வாக்கியங்கள். ‘அக்கரைப்பேட்டை - படகு ரோட்டில் நிற்கிறது’. ‘பெயர் சொல்ல மாட்டேன் என்ற அம்மா’. ‘பள்ளிக்கூட மணி மட்டும் இருக்கிறது’. ‘இதை அச்சில் போட வேண்டாம்’. கடைசியாகச் சொன்ன பெயரில் பதினாறு படங்கள், ஒன்று முதல் பதினாறு வரை எண் போட்டு. இருபது வருஷமாக யாரும் போடவில்லை. நானும் திறந்து பார்க்கவில்லை.

பெண்ணுக்குப் போன் பண்ணினேன். “அம்மா, நான் முந்தாநாள் சொன்னது தப்பு. இருக்கு. தொள்ளாயிரத்து இருபத்துநாலு இருக்கு” என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்பா எல்லாத்தையும் எண்ணி வைப்பார் அங்கிள்” என்றாள்.

அப்புறம் நிதானமாக யோசித்தேன். கறாராகச் சொன்னால், பட்டியலைப் படிக்க ஸ்க்ரிப்ட் எழுதியதே சுற்றி வளைத்த வழி. சர்வரில் நேராக நுழைந்து, உன்னிடம் என்ன இருக்கிறது என்று பைத்தானையே கேட்கச் சொன்னால் பெயர் உடையாது, இடைவெளியில் வெட்டாது, கேள்விக்குறி வராது. தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். முடிந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் நிஜ வாழ்க்கையில் நமக்குப் பெரும்பாலும் சர்வர் கிடைப்பதில்லை. யாரோ எடுத்துக் கொடுத்த பட்டியல்தான் கிடைக்கிறது. ரேஷன் கடை கவுன்டரில், வாக்குச்சாவடி வாசலில், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருப்பதும் அதுதான். உங்கள் பெயர் இல்லை என்று அவர் சொல்லும்போது பொய் சொல்வதில்லை. நானும் அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லவில்லை. என் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான். பட்டியலில் இல்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே 871 படங்கள் இருந்தன.

நீங்கள் ஸ்க்ரிப்ட் எழுதுவீர்களோ மாட்டீர்களோ, எனக்குத் தெரியாது. யாராவது ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தால் கடைசி வரிக்குப் போய் மொத்தத்தைப் பாருங்கள். உங்கள் கையில் இருப்பதை எண்ணுங்கள். இடித்தால், அந்த வித்தியாசத்துக்கு ‘கெட்டுப்போனவை’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள். அனாமத்து என்று எழுதி வையுங்கள். அதற்குச் சொந்தக்காரர் யாரோ இருப்பார்.

என் ஸ்க்ரிப்ட்டில் இப்போது முப்பத்தோராவது வரி ஒன்று இருக்கிறது. மூலத்தின் மொத்தமும் தன் மொத்தமும் ஒத்துப்போகவில்லை என்றால் எதையும் எழுதாமல் நின்றுவிடும். நன்றாகக் கத்தவும் செய்யும்.

டிசம்பர் கடைசியில் கேமரா அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் படம் மாட்டியிருந்தார்கள். ரோட்டில் நிற்கிற படகு, அதன் விளிம்பில் யாரோ துவைத்துக் காயப்போட்ட ஒரு சேலை. கீழே சின்ன எழுத்தில் ‘அக்கரைப்பேட்டை - படகு ரோட்டில் நிற்கிறது’ என்று இருந்தது.

“கீழ என்ன எழுதறதுன்னு யோசிச்சேன் அங்கிள்” என்றாள் அந்தப் பெண். “அப்புறம் அப்பா வச்ச பேரையே போட்டுட்டேன்.”